வேர்ட்பிரஸில் பக்க வார்ப்புருக்கள்: அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசேஷங்களுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் ஒருவருக்காகச் சில ஆண்டுகளுக்கு முன், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளம் அமைத்துக் கொடுத்தேன். சீமந்தம், காதுகுத்து, திருமணம், அறுபதாம் கல்யாணம் என்று விசேஷத்துக்கு ஒரு பக்கமும், அவர் வேலை எடுக்கும் ஊருக்கு ஒரு பக்கமுமாக மொத்தம் 36 பக்கங்கள். முதல் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அமைத்துவிட்டு, மற்ற 35 பக்கங்களையும் அதை நகலெடுத்தே உருவாக்கினேன். வேலை இரண்டே நாளில் முடிந்தது. எட்டு மாதம் கழித்து அவருடைய தொலைபேசி எண் மாறியபோது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மாற்றினேன். அதில் ஒன்று விடுபட்டுவிட்டது. தை மாத முகூர்த்தங்களுக்காக அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் பழைய எண்ணையே அழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பங்குனியில்தான் தெரிய வந்தது.

முதல் தவறு இதுதான்: நகலெடுப்பதையே வார்ப்புரு, அதாவது பல பக்கங்களுக்கும் பொதுவான அச்சு, என்று எண்ணிக்கொள்வது. நகலெடுத்த கணத்திலேயே மூலப் பக்கத்துக்கும் புதிய பக்கத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடுகிறது; மூலத்தில் என்ன திருத்தினாலும் நகலுக்குத் தெரியாது. ஆகவே வடிவமைப்பைத் தொடங்கும் முன், பக்கத்திலுள்ள ஒவ்வொரு பகுதியைப் பற்றியும், ‘இதை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற வேண்டுமா, கூடாதா?’ என்று கேட்டு, விடையைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு, இந்தக் கேள்வியைக் கேட்காமல் நேராக நிறத்திலும் எழுத்துருவிலும் இறங்கிவிடுவதே காரணம்.

விடை தெரிந்த பிறகு எந்தக் கருவியை எடுப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பக்கத்தின் எலும்புக்கூட்டை, அதாவது தலைப்பு எங்கே, உள்ளடக்கம் எங்கே என்பதை வரையறுப்பது டெம்ப்ளேட். எல்லா டெம்ப்ளேட்டுகளுக்கும் பொதுவான மேற்பகுதியும் அடிப்பகுதியும் டெம்ப்ளேட் பார்ட். பத்தி, படம், பொத்தான் போன்ற ஒவ்வொரு கூறும் ஒரு பிளாக்; பிளாக்குகளைச் சேர்த்து, பக்கத்துக்குள் வேண்டிய இடத்தில் செருகும் துண்டு பேட்டர்ன். பேட்டர்னிலும் இரண்டு வகை: செருகியதும் தனி நகலாகிவிடும் சாதாரண வகை ஒன்று, எங்கு திருத்தினாலும் எல்லா இடத்திலும் மாறும் சின்க்டு பேட்டர்ன் மற்றொன்று. 2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பிலிருந்து ‘ரீயூசபிள் பிளாக்’ என்று அறியப்பட்டதைத்தான் 2023 ஆகஸ்டில் வந்த 6.3 பதிப்பு ‘சின்க்டு பேட்டர்ன்’ என்று பெயர் மாற்றியது. பழைய காணொளிகளைப் பார்த்துக் கற்பவர்கள் பழைய பெயரை மெனுவில் தேடி அலைவதை இன்றும் பார்க்கிறேன்.

சின்க்டு பேட்டர்னின் பலன் தெரிந்தவுடன் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவது முதல் தவறுக்கு நேரெதிரான தவறு. ஓர் ஊருக்கு மட்டும் தர நினைத்த பத்து விழுக்காடு தள்ளுபடியை அந்த ஊரின் பக்கத்திலிருந்து பேட்டர்னைத் திறந்து எழுதினால், அது எல்லா ஊர்ப் பக்கங்களிலும் தோன்றிவிடும்; வாடிக்கையாளர் அதைச் சுட்டிக்காட்டும்போது மறுக்கவும் முடியாது. வடிவம் ஒன்றாக இருந்து சொற்கள் மட்டும் மாற வேண்டிய இடங்களுக்காக, 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பில் ‘ஓவர்ரைடு’ (override) என்ற வசதி சேர்க்கப்பட்டது. பேட்டர்னுக்குள் இருக்கும் தலைப்பு, பத்தி, பொத்தான், படம் ஆகியவற்றில் எவை பக்கத்துக்குப் பக்கம் மாறலாம் என்பதைக் குறித்து, அதற்கு ஒரு பெயரும் கொடுத்துவிட்டால், மற்றவை பூட்டியபடியே இருக்கும். அந்தப் பெயரைத் தொடக்கத்திலேயே யோசித்து வைப்பது நல்லது. பக்கங்களில் தட்டச்சு செய்த சொற்கள் அந்தப் பெயரின் கீழ்தான் சேமிக்கப்படுகின்றன என்பதால், பிற்பாடு பெயரை மாற்றினால் பழைய சொற்கள் அந்த இடத்தில் தெரியாமல் போகும்.

சேமிக்கும்போது நேரும் தவறு சிறியதாகத் தோன்றும். ஆனால் அதன் சேதம் பெரியது. பக்கத்தைத் திருத்தும் திரையிலேயே டெம்ப்ளேட்டையும் காட்டும் வசதி இப்போது இருப்பதால், பக்கத்தைத்தான் திருத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு தளம் முழுவதற்குமான மேற்பகுதியில் கை வைத்துவிடுவது எளிது. சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் வலப்பக்கம் ஒரு பட்டியல் திறந்து, எந்தப் பக்கம், எந்த டெம்ப்ளேட், எந்த டெம்ப்ளேட் பார்ட் மாறப்போகிறது என்று ஒவ்வொன்றாக, டிக் பெட்டியுடன் காட்டும். பலரும் அதைப் படிக்காமலேயே மறுபடி சேமி என்று அழுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருத்தியதாக நினைக்கும் நேரத்தில் அந்தப் பட்டியலில் டெம்ப்ளேட்டின் பெயர் தென்பட்டால், அங்கேயே நிறுத்தி, டிக்கை எடுத்துவிட வேண்டும்.

டெம்ப்ளேட்டில் உள்ளடக்கத்துக்கான ‘கன்டென்ட்’ பிளாக்கை நீக்கிவிட்டால், பக்கத்தில் என்ன எழுதினாலும் வெளியே தெரியாது. டெம்ப்ளேட்டில் நிலையாக ஒரு படத்தை வைத்து அதை விவரிக்கும் மாற்று உரையும் எழுதிவிட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எல்லாப் பக்கத்திலும் அதே வரியைப் படிக்கும். பக்கத்துக்கு உரிய படம் என்றால் ‘ஃபீச்சர்டு இமேஜ்’ பிளாக்கை வைப்பதே முறை. நிறத்தை ஒவ்வொரு பிளாக்கிலும் எண்ணாகத் தட்டச்சு செய்யாமல் தளத்தின் பொது ஸ்டைல்களில் வரையறுப்பதும் இதைச் சேர்ந்ததுதான்.

டெம்ப்ளேட்டில் நாம் செய்யும் மாற்றங்கள், தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பான தீமின் கோப்பில் எழுதப்படுவதில்லை, தரவுத்தளத்தில்தான் சேமிக்கப்படுகின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தீமைப் புதுப்பித்தபோது அதன் ஆசிரியர்கள் அந்த டெம்ப்ளேட்டில் செய்த திருத்தம் நம் தளத்துக்கு வராததற்கு இதுவே காரணம். நம் மாற்றங்களைக் களைந்தால்தான் மூலக் கோப்பு மீண்டும் செயலுக்கு வரும். வேறு தீமுக்கு மாறினாலோ, பழைய தீமில் செதுக்கிய டெம்ப்ளேட்டுகள் கூட வருவதில்லை. நாம் உருவாக்கிய பேட்டர்ன்கள் மட்டும் தங்கும். அதனால் பல ஆண்டுகள் நிலைக்க வேண்டிய உரைகளைப் பேட்டர்னிலும் பக்கத்திலும் வைத்து, டெம்ப்ளேட்டை வெறும் சட்டகமாக விடுவதே பாதுகாப்பு.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு தவறு உண்டு. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். வார்ப்புருவை ஆங்கில மாதிரி உரையை நிரப்பி அழகு பார்த்துவிட்டு, கடைசியில் தமிழைக் கொட்டுகிறோம். பொத்தானில் ஒற்றைச் சொல்லாக நின்ற ஆங்கிலம், ‘விலைப்பட்டியலைப் பதிவிறக்குங்கள்’ என்று ஆனதும் அகலம் போதாமல் உடைகிறது. தலைப்புக்கு வரி உயரம் 1.1 என்று வைத்திருந்தால், தலைப்பு இரண்டு வரியாகும்போது மேல் வரியில் உள்ள ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்க்கொக்கியும், கீழ் வரியில் உள்ள ‘கி’, ‘மீ’ போன்றவற்றின் மேற்சுழியும் ஒன்றோடொன்று முட்டும், 1.4 அளவுக்காவது கூட்டிப் பார்க்க வேண்டும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடும் அமைப்பு தமிழில் சொல்லைச் சிதறடிக்கிறது. ஓரங்கள் இரண்டையும் சமன்செய்யும் ஏற்பாடு, நீண்ட சொற்களால் கைபேசித் திரையில் பத்தி நடுவே ஓட்டைகளை உண்டாக்குகிறது. தீமின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று, அளவும் தடிமனும் வேறுபடும். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து எழுத்துரு நூலகம் உள்ளேயே இருப்பதால், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற ஒன்றைத் தொடக்கத்திலேயே நிறுவிவிடலாம்.

சின்க்டு பேட்டர்னைத் திருத்தியும் சில பக்கங்களில் பழையதே தெரிந்தால், பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் கூடுதல் மென்பொருளான கேஷ் பிளகினைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பக்கங்கள் நேரடியாகத் திருத்தப்படாததால் அவற்றின் சேமித்த நகலை அது அழிக்காமல் விட்டிருக்கலாம். முழுக் கேஷையும் ஒருமுறை காலி செய்தால் சரியாகிவிடும்.

சமையல் ஒப்பந்தக்காரரின் தளத்தைப் பிறகு மறுபடி கட்டினேன். தொலைபேசி எண்ணும் முகவரியும் ஒரே சின்க்டு பேட்டர்ன். ஊர்ப் பெயரும் அறிமுகப் பத்தியும் ஓவர்ரைடு. பட்டியல் உணவுகள் அந்தந்தப் பக்கத்தின் சொந்த உரை. வெளியிடும் முன் மூன்று சோதனைப் பக்கங்களை உருவாக்கினேன்: ‘தேனி’ என்ற ஊர்ப் பெயருடன் ஒன்று, ‘திருச்சிராப்பள்ளி’ என்று ஒன்று, படமே இல்லாமல் ஒன்று. கைபேசித் திரை அளவான 360 பிக்செல் அகலத்தில் இரண்டாவது பக்கத்தின் தலைப்பு திரையைத் தாண்டி வெளியே போனது. எழுத்தளவை இரண்டு படி குறைத்த பிறகே மற்ற ஊர்களைச் சேர்க்கத் தொடங்கினேன்.