வெள்ளைப் பணியாரத்துக்குக் குழிக்கல் வேண்டாம்

பணியாரம் என்றதும் குழிக்கல்லைத் தேடாதீர்கள். காரைக்குடியில் நான் முதன்முறை அப்படித்தான் கல்லை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி கையைப் பிடித்து, "அதை வையி ஆத்தா, இது எண்ணெயில ஊத்துறது" என்றார். பணியாரம் என்பது பலகாரம் எல்லாவற்றுக்கும் பொதுவான பழைய சொல். குழிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள். அவ்வளவுதான் உளுந்து. 2 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் பால் சேர்த்துக் கரைக்கவும். புளிக்க விடக் கூடாது, உடனே சுட வேண்டும்.

எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவு, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. அடியில் போய் மெல்ல மேலே எழும்பும், நடு உப்பும். விரிந்து கிழிந்தால் மாவு நீர்த்துவிட்டது, கொஞ்சம் அரிசி மாவு சேருங்கள்.

'வெள்ளை' மட்டும் பொய் சொல்லாத பெயர். திருப்பிப் போட்டு, சிவக்கும் முன்னே எடுத்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

அப்புறம், பால் பணியாரத்துக்கும் குழிக்கல் கிடையாது. சின்னச் சின்னதாகக் கிள்ளிப் பொரித்து, இனித்த பாலில் ஊறப்போடுவது அது.