செவிலியர் நடத்தும் மனநலத் திட்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளிகளுக்கும் செவிலியர் மாணவர்களுக்கும் மனநல ஆதரவு தரும் திட்டங்களைச் செவிலியர்களே முன்னின்று நடத்த முடியுமா என்ற ஐயம் இன்று யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான தாய்மார்களைப் பற்றி ஸ்காட்லாந்தில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வொன்றில், வீடுகளுக்குச் சென்று பார்க்கும் செவிலியர்கள் குறுகிய பயிற்சி பெற்று, வாரம் ஒரு முறையாக எட்டு வாரங்கள் அந்தத் தாய்மார்களுடன் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டனர். இந்தக் கவனிப்பைப் பெற்ற 26 பேரில் 18 பேர் மீண்டனர், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேரே மீண்டனர். அமெரிக்காவில் 1,801 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான இம்பாக்ட் ஆய்வில், செவிலியர் அல்லது உளவியலாளர் ஒருவர் ஒவ்வொரு நோயாளியையும் தொடர்ந்து கவனித்துவர, ஓராண்டு முடிவில் 45 சதவீதத்தினரின் மனச்சோர்வு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 19 சதவீதமாகவே இருந்தது.

இவ்விரு ஆய்வுகளிலும் பலன் தந்தது, மனச்சோர்வு இருக்கிறது என்று தெரிந்த பிறகு நடந்த வேலை. அந்த வேலையை யார், எப்போது, எப்படிச் செய்வது என்பதைத் தீர்மானிக்காமல் தொடங்கும் திட்டங்களே பெரும்பாலும் தடுமாறுகின்றன.

வினாத்தாளை நிரப்பி வாங்கிவிட்டு நின்றுவிடுவது

மிகப் பரவலான தவறு இதுதான். மனச்சோர்வின் அளவைக் கண்டறிய உதவும் பி.எச்.கியூ-9 என்னும் வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்ச மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவான மதிப்பீடு தேவை என்று கொள்வது வழக்கம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர், தம் பொறுப்பில் உள்ள நோயாளிகள் நிரப்பிக் கொடுத்த தாள்களைக் கூட்டிப் பார்க்கிறார். ஒரு தாளில் மொத்தம் 7. பத்துக்குக் கீழே இருப்பதால் அதைக் கோப்பில் செருகிவிட்டு அடுத்த தாளை எடுக்கிறார். ஆனால் அந்த ஏழில் ஒன்று, இறந்துபோனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கும் ஒன்பதாம் கேள்வியிலிருந்து வந்திருந்தால், கூட்டுத்தொகை எதுவாக இருந்தாலும் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, ஒருவர் அந்த நோயாளியின் அருகில் அமர்ந்து பேசியாக வேண்டும். கூட்டலை மட்டும் பார்க்கப் பழக்கப்பட்ட திட்டத்தில் இந்த ஒரு மதிப்பெண் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகவே முதல் தாளை அச்சிடுவதற்கு முன்பே சில கேள்விகளுக்கு விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்பதாம் கேள்விக்குப் பூஜ்ஜியம் அல்லாத விடை வந்தால் யாரை அழைப்பது? இரவு இரண்டு மணிக்கு யார்? விடுமுறை நாளில் யார்? அவர் வரும்வரை நோயாளியுடன் யார் இருப்பார்? இந்த விடைகள் இல்லாத இடத்தில் பரிசோதனையைத் தொடங்காமல் இருப்பதே நேர்மை என்பது என் கருத்து. பெரியவர்கள் அனைவரிடமும் மனச்சோர்வு உள்ளதா என்று பார்க்கலாம் என 2016-இல் பரிந்துரைத்த அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும், சரியான நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தொடர் கவனிப்புக்கும் போதிய ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதைச் சொன்னது.

மதிப்பெண்ணையே நோயின் பெயராக எழுதிவிடுவது இதோடு ஒட்டிய இன்னொரு தவறு. களைப்பு, பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள் மட்டுமல்ல, புற்றுநோய்க்கும் இதயச் செயலிழப்புக்கும் சில மருந்துகளுக்கும் உரியவை. 1983-இல் வெளிவந்த, 14 கேள்விகள் கொண்ட மருத்துவமனைப் பதற்றம் மற்றும் மனச்சோர்வு அளவுகோல், இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே உடல்சார்ந்த அறிகுறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அமைக்கப்பட்டது. முதியவர்களிடம் இன்னும் கவனம் தேவை. பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் முதியவர் மனம் சோர்ந்திருக்கிறார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த மாற்றம் ஓரிரு நாட்களுக்குள் வந்து, காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் இருக்குமானால், அது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பின்னால் தொற்றோ, நீரிழப்போ, புதிதாகச் சேர்த்த மருந்தோ இருக்கலாம். அவருக்குத் தேவைப்படுவது ஆலோசனை அமர்வு அல்ல, உடனடி மருத்துவப் பரிசோதனை.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குவது, அல்லது பதிலைத் தானே சொல்லிக்கொடுத்துக் கேட்பது

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் அனுபவமுள்ள செவிலியர்களிடமும் இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை பற்றிய கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டு, 2005-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், கேள்வி கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை.

கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. “அப்படியெல்லாம் எந்த எண்ணமும் இல்லையே?” என்று கேட்பவர், இல்லை என்ற பதிலையே எதிர்பார்க்கிறார் என்பது நோயாளிக்குப் புரிந்துவிடும், அவரும் அதையே சொல்லிவிடுவார். “உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததுண்டா?” என்று நேரடியாக, அவசரமில்லாத குரலில் கேட்பதே சரியானது. கட்டிலைச் சுற்றி உறவினர்கள் நிற்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில் பயனில்லை. கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கையில் மனத்தில் உள்ளதைச் சொல்பவர் அரிது.

இனி தற்கொலைக்கு முயல மாட்டேன் என்று நோயாளியிடம் எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கமும் கைவிடப்பட வேண்டியது. அந்தத் தாள் எழுதி வாங்கியவருக்கு நிம்மதி தரலாம். நோயாளியைக் காக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமில்லை. அதற்கு மாற்றாக, நெருக்கடி வருவதற்கு முன் தனக்குத் தெரியும் அடையாளங்கள், தானாகச் செய்துகொள்ளக்கூடியவை, பேசக்கூடிய மனிதர்கள், அழைக்க வேண்டிய எண்கள், ஆபத்தான பொருள்களைக் கைக்கெட்டாமல் வைக்கும் வழி ஆகியவற்றை நோயாளியின் சொற்களிலேயே எழுதும் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இத்திட்டத்தை எழுதிக் கொடுத்து, பிறகு தொலைபேசியிலும் தொடர்ந்து விசாரித்துவந்ததில், அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிடச் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. தாளை எழுதிவிட்டுத் தொலைபேசியை எடுக்காமல் இருப்பது, இந்த முறையில் பாதியை வெட்டி எறிவதற்குச் சமம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் கைகழுவிவிடுவது

மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில நாட்களும் வாரங்களும் ஆபத்து மிகுந்தவை என்பது நன்கு அறியப்பட்டது. இங்கிலாந்தில் 72 மணி நேரத்துக்குள் வீடு திரும்பியவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஓர் அளவுகோலே வைத்திருக்கிறார்கள். மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே தலைகாட்டும் என்பதால், பலர் இரண்டாம் வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 24 வயது வரையிலான இளையோருக்கு மருந்து தொடங்கிய ஆரம்ப நாட்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் மருந்தட்டையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிடும் திட்டம், தேவை மிகுந்த நாட்களில் நோயாளியைத் தனியே விட்டுவிடுகிறது. முதல் வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, அழைக்க வேண்டியவர் யார் என்ற குறிப்போடு கோப்பிலேயே இடம்பெற வேண்டும்.

மாணவர்களிடம் நேரும் தவறுகள்

செவிலியர் மாணவர்களுக்கான திட்டங்களில் அடிப்படைக் கோளாறு ஒன்று திரும்பத் திரும்ப நேர்கிறது: செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடும் ஆசிரியரே மனநல ஆலோசகராகவும் நியமிக்கப்படுகிறார். அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், நான்கு நாட்களாகத் தூங்கவில்லை என்று எந்த மாணவி அவரிடம் சொல்வாள்? மருந்து கொடுக்கத் தகுதியற்றவள் என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதே. மதிப்பிடுபவரும் செவிமடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஆலோசனைக் குறிப்புகள் கல்லூரிக் கோப்புகளோடு சேரக் கூடாது. எதை மட்டும் வெளியே சொல்ல நேரிடும், அதாவது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2009-இல் மருத்துவர்களுக்காகத் தொடங்கி, 2016-இல் செவிலியர்களுக்கும் விரிவாக்கப்பட்ட திட்டம், பெயர் தெரிவிக்காமலே வினாத்தாளை நிரப்பவும் ஆலோசகரோடு உரையாடவும் இடம் தருகிறது. தொழில் பெயருக்குக் களங்கம் வருமோ என்று அஞ்சுபவர்களுக்கு இப்படியொரு வாசல் தேவைப்படுகிறது.

அடுத்தது, பிரச்சினை முழுவதையும் மாணவரின் மனவலிமைக் குறைவாகப் பார்ப்பது. மனத்திண்மைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தியானச் செயலி ஆகியவற்றால் சிலருக்குப் பயன் இருக்கலாம். ஆனால் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பணியாளர்களின் தரவுகளைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு, இத்தகைய தனிநபர் திட்டங்களில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட மேலான நிலையில் இருந்ததாகக் காணவில்லை. இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வகுப்பில் உட்கார வைக்கப்படும் மாணவிக்கு வேண்டியது தூக்கம். மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்ற சொற்பொழிவு அவளுடைய தூக்கத்தில் இன்னொரு மணி நேரத்தைத்தான் பறிக்கும். பணி அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர் இல்லாமல் அமைக்கப்படும் மனநலக் குழுவால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

முதல் மரணம் தனியாகப் பேசப்பட வேண்டிய விஷயம். காலையில் தான் உணவூட்டிய நோயாளியின் உடலை அன்று மாலையே துடைத்து, துணி சுற்றி, அடையாளச் சீட்டைக் கட்டி அனுப்பிய மாணவி, அடுத்த அரை மணியில் இன்னொரு கட்டிலில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பாள். இதைக் கவனிக்காமல் விடுவது ஒரு தவறு. இதற்கு நேர்மாறாக, எல்லா மாணவர்களையும் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் கட்டாயமாகச் சொல்லவைப்பதும் தவறே. அதிர்ச்சிக்குப் பின் நடத்தப்படும் ஒற்றை அமர்வு விவரிப்பு பிற்கால மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பது ஆய்வுத் தொகுப்புகளில் தெரியவந்ததால், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005-லேயே அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார அமைப்பு 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியின் அணுகுமுறை எளிமையானது: கவனித்துப் பார்ப்பது, பேச விரும்பினால் கேட்பது, தேவையான உதவியோடு இணைப்பது. வார்டு பொறுப்புச் செவிலியர் அந்த மாணவியை அழைத்து, சாப்பிட்டாளா என்று விசாரித்து, விரும்பினால் சிறிது நேரம் ஓய்வறையில் இருக்கச் சொல்லி, மறுநாளும் ஒரு வார்த்தை கேட்டால் அது முறையான உதவியே.

சக மாணவர்களை உதவியாளர்களாகப் பயன்படுத்துவது நல்ல ஏற்பாடுதான், எல்லை வகுக்கப்பட்டிருந்தால். எல்லோருடைய துயரத்தையும் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒருவர் யாரிடம் போய்ச் சொல்வார் என்பதையும் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

செவிலியருக்கு நேரமும் வழிகாட்டியும் தராமல் இருப்பது

இம்பாக்ட் ஆய்வில் நோயாளிகளைக் கவனித்தவர்கள் தனித்து விடப்படவில்லை. வாரந்தோறும் மனநல மருத்துவருடன் அமர்ந்து, முன்னேற்றம் இல்லாதவர்களின் சிகிச்சையை மாற்றுவது பற்றி ஆலோசித்தார்கள். இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ள பணிச்சுமைக்கு மேல் மனநலத் திட்டத்தையும் ஏற்றிவைத்தால், கேட்கும் நேரம் சுருங்கும், பிறகு படிவம் நிரப்புவது மட்டும் மிஞ்சும். வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று பணி அட்டவணையிலேயே ஒதுக்கப்படாத திட்டம் சில மாதங்களுக்கு மேல் தாங்குவது கடினம்.

பலனைத் தவறாக அளப்பது

தேர்வு வாரத்தில் மாணவர்களின் பதற்றத்தை அளந்து, பயிற்சி நடத்தி, தேர்வு முடிந்த பிறகு மீண்டும் அளந்தால் மதிப்பெண் குறைந்தே இருக்கும். பயிற்சியே நடக்காமல் இருந்திருந்தாலும் குறைந்திருக்கும். மிக மோசமான நிலையில் உள்ள நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தாலும், அவர்களில் சிலர் தாமாகவே சற்றுத் தேறியிருப்பார்கள். ஒப்பிடுவதற்கு இன்னொரு குழுவை வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அது இயலாவிட்டால், குறைந்தபட்சம் ஒரே பருவத்தின் ஒத்த வாரங்களையாவது ஒப்பிட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் சந்திப்புக்கு வராதவர்கள் எத்தனை பேர், ஒன்பதாம் கேள்விக்கு ஆம் என்றவர்களில் அன்றே ஒருவரைச் சந்தித்தவர்கள் எத்தனை பேர், மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் மாதந்தோறும் எழுதிவைத்தால், திட்டம் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது ஆண்டறிக்கைக்குக் காத்திராமலே தெரிந்துவிடும்.