சம்பள வரம்பில் சறுக்கும் இடங்கள்

என்எஃப்எல் எனும் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 1994-இல் ஓர் அணிக்கான சம்பள வரம்பு 3.46 கோடி டாலர். 2025-இல் 27.92 கோடி. எட்டு மடங்கு ஏறியும், அணிக்கணக்கைப் போட்டுப் பார்க்கப் புதிதாக வருபவர்கள் அதே பழைய பள்ளங்களில்தான் விழுகிறார்கள். கூட்டல் கழித்தல் பிழைகளை விட்டுவிடுவோம்.

ரீஸ்ட்ரக்சர் செய்தால் பணம் மிச்சம் என்று நம்புவது

பெரிய சேதம் இதில்தான். "சம்பளத்தைப் போனஸாக மாற்றினோம், ஒன்றரைக் கோடி மிச்சம்" என்று எழுதுகிறார்கள். மிச்சமில்லை, கடன்.

ஐந்தாண்டு ஒப்பந்தம், கையெழுத்துப் போனஸ் 5 கோடி என்று வையுங்கள். பணம் முன்னாலேயே வீரர் கைக்குப் போய்விடும்; வரம்புக் கணக்கில் ஆண்டுக்கு 1 கோடியாக ஏறும். இரண்டாம் ஆண்டில் சம்பளத்திலிருந்து 2 கோடியைப் போனஸாக மாற்றினால் அது மீதி நான்கு ஆண்டுகளுக்கு 50 லட்சமாகப் பிரியும். அந்த ஆண்டு 1.5 கோடி இடம் கிடைக்கும். சரி. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அவரை விடுவித்தால்? பழைய போனஸில் 2 கோடி, புதியதில் 1 கோடி, ஆக 3 கோடி ஒரே ஆண்டில் வந்து விழும். இதுதான் டெட் மணி: ஆள் இல்லை, செலவு இருக்கிறது. நான்காம் ஆண்டு சம்பளம் 1.8 கோடி என்றால், வைத்திருந்தால் அதோடு போனஸ் தவணைகள் 1.5 கோடி சேர்ந்து 3.3 கோடி, அனுப்பினால் 3 கோடி. 30 லட்சத்துக்காக ஓர் ஆட்டக்காரரை இழக்கிறீர்கள்.

அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி 2022-இல் ஆட்டக்காரர் மேட் ரயனை இண்டியானாபொலிஸ் அணிக்குக் கொடுத்தபோது, 4.05 கோடி அட்லாண்டாவின் தலையில் நின்றது. அந்த ஆண்டு வரம்பே 20.82 கோடி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பதிலுக்குக் கிடைத்தது, புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்று.

"வரம்பு ஏறிக்கொண்டேதானே போகிறது" என்பார்கள். 2021-இல் பெருந்தொற்றால் 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது. தள்ளிவைத்த தவணைகள் மட்டும் இறங்கவில்லை. முப்பது வயது தாண்டியவரின் ஒப்பந்தத்தில் கை வைக்கும் முன், அவரை எந்த ஆண்டு அனுப்புவோம், அன்று எவ்வளவு விழும் என்று இரண்டு எண்களை எழுதிப் பாருங்கள். இதைச் செய்யாமல் போடும் கணக்கு கணக்கே இல்லை.

வாய்ட் ஆண்டுகள்

வீரர் ஆடப்போவதில்லை என்று தெரிந்தே, போனஸைப் பிரிக்க மட்டும் ஒப்பந்தத்தின் கடைசியில் காகிதத்தில் சேர்க்கும் ஆண்டுகள். அதே கடன், வேறு பெயர். ஆட்டக்காரர் டாம் பிரேடி ஓய்வு பெற்ற பின் 2023-இல் டாம்பா பே அணியின் கணக்கில் விழுந்தது 3.51 கோடி.

ஜூன் 1

ஜூன் 1-க்குப் பின் விடுவித்ததாகக் குறித்தால் டெட் மணி இரண்டு ஆண்டுகளுக்குப் பிரியும். டென்வர் அணி, தான் விடுவித்த ரஸ்ஸல் வில்சனின் 8.5 கோடியை 2024, 2025 என்று பிரித்தது இப்படித்தான். ஆனால் மார்ச்சில் குறித்தாலும் ஜூன் வரை முழுத்தொகையும் கணக்கில் நிற்கும். அணிகள் புதிய வீரர்களை ஒப்பந்தம் செய்யும் மார்ச் சந்தையில் அந்த இடத்தைச் செலவழிக்க முடியாது. ஆண்டுக்கு இருவரை மட்டுமே இப்படிக் குறிக்கலாம்.

ஊக்கத்தொகை

ஓர் இலக்கை எட்டினால் தருவதாக ஒப்பந்தத்தில் வைக்கும் தொகை வரம்புக் கணக்கில் எந்த ஆண்டு ஏறும்? அளவுகோல் போன ஆண்டு ஆட்டம். 70 பந்து பிடித்தவருக்கு 65-க்கு வைத்த தொகை இப்போதே ஏறும். 80-க்கு வைத்தது, அவர் எட்டினால், அடுத்த ஆண்டில் ஏறும்.

51 பேர் கணக்கு

வரம்புக் கணக்கில் கோடைவரை அதிகச் சம்பளமுள்ள 51 பேரைத்தான் கூட்டுவார்கள். செப்டம்பரில் 53 பேர், காயப்பட்டோர், பயிற்சி அணி எல்லாம் சேரும். கோடையில் ஒரு டாலர் விடாமல் தீர்த்த அணி, அக்டோபரில் ஒரு கார்னர்பேக்குக்கு (தடுப்பாட்டக்காரர்) கால் முறிந்தால் மாற்று ஆளுக்கு இடம் தேடி இன்னொரு ஒப்பந்தத்தை ரீஸ்ட்ரக்சர் செய்யும்.