செப்சிஸ் நோயாளியின் சிறுநீரில் பயோமார்க்கர்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி, உறுப்புகளே பாதிக்கப்படும் நிலைதான் செப்சிஸ். அதில் சிறுநீரகம் அடிவாங்குவது சகஜம். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினின் ரத்த அளவு அதைத் தாமதமாகத்தான் காட்டும். நோயின் தீவிரத்தில் தசைகளில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைகிறது. ஏற்றுகிற சலைனும் ரத்தத்தில் அதை நீர்க்கச் செய்கிறது. ஆகவே அளவு நார்மல் என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். சிறுநீரில் பயோமார்க்கரையும், அதாவது பாதிப்பைக் காட்டும் புரதத்தையும், பாருங்கள்.

படி 1: முதலில் வழக்கமான கணக்கு. கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2012 வரையறைப்படி, 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 மி.கி./டெ.லி. கூடினாலோ, 7 நாளுக்குள் பழைய அளவைப்போல 1.5 மடங்கானாலோ, 6 மணி நேரம் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் குறைந்தாலோ அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. மூன்றில் ஒன்று போதும்.

படி 2: மாதிரி எடுப்பது. கதீட்டர் பையில் தேங்கிக் கிடப்பது வேண்டாம். குழாயிலிருந்து புதிதாக எடுத்து, தாமதிக்காமல் லேபுக்கு அனுப்புங்கள்.

படி 3: எந்த மார்க்கர்? கிம்-1, ஐஎல்-18 என்று பட்டியல் நீளும். புதியவர்கள் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, என்கால் (NGAL) என்ற புரதம். சிறுநீரக நுண்குழல்கள் காயப்பட்டால் சில மணி நேரத்திலேயே ஏறும். சிக்கல் என்னவென்றால், தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளை அணுக்களும் இதைச் சுரக்கின்றன. செப்சிஸில் அவை கொதித்துக்கொண்டிருக்கும். சிறுநீர்த் தொற்றும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருந்தும் என்கால் ஏறலாம்.

இன்னொன்று, டிம்ப்-2 (TIMP-2), ஐஜிஎஃப்பிபி7 (IGFBP7) என்ற புரத ஜோடி. நெருக்கடிக்கு உள்ளான செல்கள் பிரிவதை நிறுத்தும்போது வெளிவருபவை இவை. செப்சிஸில் என் ஓட்டு இந்த ஜோடிக்குத்தான். இரண்டின் பெருக்கத்தொகையைப் பார்க்கிறோம்: 0.3-ஐத் தாண்டினால், அடுத்த 12 மணி நேரத்தில் மிதமான அல்லது கடுமையான பாதிப்பு வரும் அபாயம் கூடுதல். 2.0-ஐத் தாண்டினால் இன்னும் உறுதி. 0.3-இல் பொய் எச்சரிக்கைகளும் நிறைய வரும், அதையும் மனதில் வையுங்கள்.

படி 4: முடிவை என்ன செய்வது? மார்க்கர் ஏறி, கிரியாட்டினினும் சிறுநீர் அளவும் சரியாக இருந்தால் அதை '1எஸ்' நிலை என்பார்கள். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ரத்த அழுத்தத்தைச் சீராக வையுங்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அமினோகிளைகோசைடு வகை ஆன்டிபயாடிக், ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணிகள் போன்றவற்றுக்கு மாற்று உண்டா என்று பாருங்கள். சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதுங்கள். சலைனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். மார்க்கர் ஏறியது என்பதற்காக மட்டும் டயாலிசிஸ் தொடங்கக் கூடாது.

அப்புறம், கிரியாட்டினின் ஏற்கெனவே மூன்று மடங்கைத் தாண்டிவிட்டவருக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அவருக்கு ஆக வேண்டிய சிகிச்சையைப் பாருங்கள்.