பால் கறக்கும் இடத்துக்கு கேட் வாங்கும்முன்

தொழுவில் கறக்கும் இடத்துக்கு கேட் போடுவதென்றால் முதலில் கொக்கியைப் பாருங்கள். ஒரு கையில் பால் வாளி இருக்கும்போது மறு கையால் திறக்க வரணும். மாடு போகும் பக்கம் கொக்கியின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் இடுப்பும் மடியும் கிழியும்.

ஜெர்சி கலப்பின மாட்டுக்கு ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் நாலரை அடி உயரம் போதும். நிற்கும் அகலம் இரண்டரை அடி. அதற்குமேல் விட்டால் மாடு உடம்பைத் திருப்பப் பார்க்கும், கறப்பவரை நெருக்கும். கேட் வெளிப்பக்கம்தான் திறக்கணும். உள்ளே வழுக்கி விழுந்த மாடு கேட்டில் சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் தள்ள முடியாது. மாட்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு வைப்பதானால், மாடு விழுந்து அதன் பாரம் தொங்கும்போதும் பூட்டு விடுபடுகிறதா என்று பட்டறையிலேயே ஒரு ஆள் தொங்கிப் பார்த்துவிடுங்கள்.

சில மாடு கேட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துத் தூக்கும். மேல் கீலின் முளையை மட்டும் கீழ்நோக்கி வைக்கச் சொன்னால் கழன்று வராது.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்து, துரு அங்கேதான் தொடங்கும். வெல்டிங் எல்லாம் முடித்தபின் துத்தநாகத்தில் முக்கி எடுத்த கேட் விலை கூடுதல். கடலோரத்தில் அதையே வாங்கலாம். இல்லையென்றால் வெல்டிங் இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்து ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். தூணைச் சுற்றி இரண்டு அங்குலம் சரிவாக கான்கிரீட் ஏற்றினால் மூத்திரம் தேங்காது.