உங்கள் தளத்தில் லிங்க் இடம் விற்பது எப்படி? விலை வைப்பதிலிருந்து தொடங்குவோம்

தளத்துக்குக் கொஞ்சம் வாசகர்கள் வரத் தொடங்கியதும் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்துவிடும்: "உங்கள் கட்டுரையில் எங்கள் லிங்க்கைச் சேர்க்க எவ்வளவு?" புதியவர்கள் பெரும்பாலும் மனதில் தோன்றிய ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வதற்கு முன், நாம் எதை விற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு லிங்க்கில் இரண்டு மதிப்புகள் இருக்கின்றன. ஒன்று, அதை அழுத்தி அங்கே போகும் வாசகர். இன்னொன்று, தேடுபொறியிடம் நாம் சொல்லும் சிபாரிசு. 1998-இல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கம் இன்னொன்றுக்குத் தரும் லிங்க்கை ஓட்டு மாதிரி எண்ணியது. ஓட்டுக்கு மதிப்பு வந்ததும் ஓட்டுக்குப் பணமும் வந்துவிட்டது. சர்ச்கிங் என்ற அமெரிக்க நிறுவனம் பேஜ்ரேங்க் அளவைப் பார்த்தே விளம்பர லிங்க்குகளுக்கு விலை வைத்தது. கூகுள் அந்தத் தளத்தின் பேஜ்ரேங்க்கைக் குறைத்தபோது, சர்ச்கிங் கூகுள் மீது வழக்குப் போட்டது. 2003-இல் வழக்கு தள்ளுபடி ஆனது.

கூகுளின் விதி இன்றும் இதுதான்: தரவரிசையை உயர்த்துவதற்காக லிங்க் வாங்குவதும் விற்பதும் ஸ்பேம். விளம்பரமாக, உரிய குறியோடு விற்றால் தவறில்லை. அதனால் வாசகரின் வருகையை மட்டும் விற்போம். கீழே உள்ள விலைக் கணக்கு முழுக்க அதை வைத்துத்தான்.

முதல் படி: பக்கத்தின் எண்களை எடுங்கள்

மொத்தத் தளத்தின் எண் வேண்டாம், லிங்க் வரப்போகும் பக்கத்தின் எண்தான் வேண்டும். வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் கடைசி மூன்று மாதங்களின் பார்வைகளை எடுத்து மாதச் சராசரி போடுங்கள். வாசகர்கள் எந்தத் தேடல் சொற்களால் அங்கே வருகிறார்கள் என்பது சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி) இருக்கும்.

வாங்குபவர்கள் ஏஎச்ரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங்கையோ மோஸின் டொமைன் அத்தாரிட்டியையோ கேட்பார்கள். இரண்டும் ஒரு தளத்தின் லிங்க் பலத்துக்கு 100-க்குள் தரப்படும் மதிப்பெண்கள், தேடல் ஆய்வுக் கருவிகள் விற்கும் அந்தந்த நிறுவனங்கள் தாங்களே கணக்கிடுபவை. கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. கேட்டால் சொல்லுங்கள், ஆனால் அதை வைத்து விலை வைக்காதீர்கள். ஆளே வராத தளத்துக்குக்கூட இந்த எண்ணை ஏற்றிக் காட்ட முடியும்.

இரண்டாம் படி: விலையைக் கணக்கிடுங்கள்

ஓர் உதாரணம். பக்கத்துக்கு மாதம் 4,000 பார்வைகள். நூற்றில் ஒருவர் லிங்க்கை அழுத்துவார் என்று வைத்துக்கொண்டால் 40 கிளிக். அதே துறையில் தேடல் விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு 20 செலவாகிறது என்றால் (எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்), 40 × 20 = 800. இதுதான் உச்ச வரம்பு. ஒரு கிளிக்கின் விலையை கூகுள் ஆட்ஸின் கீவேர்டு பிளானரில் தோராயமாகப் பார்க்கலாம்.

தேடல் விளம்பரத்தை அழுத்துபவர் பொருளைத் தேடி வந்தவர். உங்கள் வாசகர் கட்டுரை படிக்க வந்தவர். அதனால் பாதியிலிருந்து தொடங்குங்கள்: மாதம் 400. முதல் மாதம் எத்தனை கிளிக் போனது என்று எண்ணிப் பாருங்கள். 15 தான் என்றால் விலையைக் குறைக்க வேண்டும், 70 என்றால் கூட்டலாம். நூற்றில் ஒன்று என்பது நான் எடுத்துக்கொண்ட தொடக்க எண்தான், உங்கள் பக்கம் காட்டும் எண்ணே சரி.

இடமும் விலையை மாற்றும். கட்டுரையின் மேல்பகுதியில், பேசும் விஷயத்தோடு சேர்ந்து வரும் லிங்க்குக்குத்தான் முழு விலை. எல்லாப் பக்கங்களின் அடியிலும் வரும் ஃபுட்டர் லிங்க்கை அநேகமாக யாரும் அழுத்துவதில்லை. அதைக் கேட்டு வருபவருக்கு வேண்டியது வாசகர் இல்லை, ஓட்டு. மறுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: காலத்தை எழுதிக்கொள்ளுங்கள்

"ஒரு தடவை பணம், நிரந்தர லிங்க்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் நானும் அப்படி ஒரு லிங்க் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து எதேச்சையாக அழுத்திப் பார்த்தால் அந்த டொமைன் கைமாறி, சூதாட்டத் தளமாகியிருந்தது. அதுவரை என்னை நம்பி அழுத்திய வாசகர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதன்பிறகு மூன்று மாதம் அல்லது ஒரு வருடம்தான் கொடுக்கிறேன். போய்ச்சேரும் பக்கம் மாறினால் முன்னறிவிப்பின்றி எடுத்துவிடுவேன் என்றும் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான்காம் படி: குறியிடுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. லிங்க்கின் எச்டிஎம்எல்லில் ரெல் என்ற பண்பைச் சேர்த்து, அதன் மதிப்பாக 'ஸ்பான்சர்டு' என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுங்கள். வேர்ட்பிரஸில் அந்தப் பத்தியை எச்டிஎம்எல்லாகத் திருத்தும் வசதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் கூகுள் அறிமுகப்படுத்திய குறி இது. 2005-இலிருந்தே இருக்கும், 'இந்த லிங்க்கை ஓட்டாக எண்ணாதே' என்று சொல்லும் 'நோஃபாலோ'வும் செல்லும். இந்தக் குறி தேடுபொறிக்கு மட்டும்தான், வாசகர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்காக லிங்க்குக்குப் பக்கத்திலேயே 'விளம்பரம்' என்று எழுதிவிடுங்கள்.

"டூஃபாலோ கொடுங்கள், இரட்டிப்பாகத் தருகிறோம்" என்பார்கள். டூஃபாலோ என்றால் இந்தக் குறிகள் இல்லாத லிங்க். அந்தப் பணம் ஆசை காட்டும்தான். ஆனால் மாட்டினால் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தின் மீது மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் ஊழியர்கள் பார்த்து விதிக்கும் தண்டனை) வரும், தேடலில் தளம் கீழே போகலாம். அப்புறம் விற்ற லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இப்படிப் பதில் எழுதினால் போதும்: "எங்கள் தளத்தில் எல்லாக் கட்டண லிங்க்கும் ஸ்பான்சர்டு குறியோடுதான் வரும். மாதத்துக்குச் சராசரியாக இத்தனை கிளிக் போகிறது. சம்மதமா?" பாதிப்பேர் அத்தோடு காணாமல் போவார்கள். மிச்சம் இருப்பவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள்.

ஐந்தாம் படி: பணமும் பராமரிப்பும்

பணம் வந்த பிறகே லிங்க் போடுங்கள். ஒரு எக்செல் தாளில் பக்கம், லிங்க், தொடங்கிய நாள், முடியும் நாள், தொகை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு லிங்க்கையும் நீங்களே அழுத்திப் பாருங்கள். முடியும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, அதுவரை போன கிளிக் எண்ணிக்கையோடு புதுப்பிக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த நாளில் லிங்க்கை எடுத்துவிடுங்கள்.