பேஸ்மேக்கர் வைத்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன்: புதிய செவிலியருக்கு

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம், "இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது ஐயா" என்றேன். "சரி சிஸ்டர்" என்றார். "உப்பனாற்றில் வலையை எப்படி வீசுவீர்கள்?" என்று கேட்டதுதான் தாமதம், அதே கையைத் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டினார். அன்றிலிருந்து "சரி" என்ற பதிலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. செய்து காட்டச் சொல்லுங்கள்.

முதலில் கை. பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரின் நுனி இதயத் தசையில் நன்றாகப் பிடிக்க வேண்டும்; அதனால் பொதுவாக 4 முதல் 6 வாரம் கட்டுப்பாடு. தண்ணீர்க் குடம், வலை எதையும் அந்தக் கையால் தூக்கக் கூடாது. பயந்துபோய்க் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், அதையும் சொல்லுங்கள். தலைவழியே மாட்டும் பனியன் வேண்டாம். பொத்தான் சட்டையை எடுத்துக் கொடுத்து, கருவி உள்ள பக்கத்துக் கையை முதலில் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து நாடி. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கட்டில். கட்டைவிரல் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதட்டும். மருத்துவர் வைத்த குறைந்தபட்ச எண், பலருக்கு 60, நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே போனாலோ தலைசுற்றினாலோ மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

காயத்தில் எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் உடனே வர வேண்டும்.

வீட்டில் மிக்ஸி, டிவிக்குப் பயமில்லை. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கட்டும். செல்போனுக்கு 15 செ.மீ. இடைவெளி; பேசுவது மறுபக்கக் காதில்.

வைத்திருப்பது ஐசிடி (ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) என்றால் வீட்டாரையும் உட்கார வையுங்கள். ஒருமுறை ஷாக் அடித்து உடம்பு நன்றாக இருந்தால், அன்றே மருத்துவரிடம் சொன்னால் போதும். அடுத்தடுத்து அடித்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ 108. அந்த நேரத்தில் அவரைத் தொட்டால் ஆபத்தில்லை, சுருக்கென்று இருக்கலாம். மனைவிமார் கேட்கத் தயங்கும் கேள்வி இதுதான்.

கருவி அட்டை எப்போதும் பர்ஸில். பல் பிடுங்கப் போனாலும் ஸ்கேனுக்குப் போனாலும் அதை முதலில் நீட்ட வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் அவரே மனைவிக்குச் சொல்லட்டும்; நீங்கள் வாய் திறக்காதீர்கள். நம் மீனவர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கேட்டுக்கொண்டே இருந்த அந்த அம்மா, அவருடைய இடது சட்டைப் பையில் கைவிட்டுச் செல்போனை வெளியே எடுத்தார்.